நுண்வாளும் பால்மரமும்

மலாய் மொழியில் 'கோலா' என்பது ஓர் ஆறு வேறோர் ஆற்றோடோ கடலோடோ கூடும் இடத்தைக் குறிக்கும். 'சாவா' என்பது நன்செய் வயல். ஆற்றுமுகத்து வயல் என்று பொருள்படும் பெயரைத் தாங்கி நிற்கும் கோலா சாவா, நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவை அடுத்துள்ள சிற்றூர். பெயரில் நெல் இருப்பினும், தமிழரை இவ்வட்டாரத்திற்குக் கொணர்ந்தது நெல் அன்று; இரப்பர். தோட்டத்துத் தமிழர் அதனை இரப்பர் மரம் என்று சொன்னதைவிடப் பால்மரம் என்று சொன்னதே மிகுதி. அம்மரத்தின் பாலைப் பற்றிக் கதைகளும் கவிதைகளும் ஆய்வுகளும் நிறைய எழுதப்பட்டுள்ளன. அதன் கட்டையைப் பற்றி எழுதப்பட்டது சிறிதே. மரத்தை அறுத்து அழகுசெய்யும் மிக நுண்ணிய கருவி ஒன்றின் வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போது, அக்கட்டையின் கதை தோட்டத் தமிழரின் கதையோடு வியப்பூட்டும் வகையில் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டுசேர்த்தார். அவற்றுள் முளைத்த நாற்றுகளில் 22 மட்டும் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. ஹென்றி ரிட்லி 1888-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்றபின், மரத்தைக் கொல்லாது பட்டையை மட்டும் நாள்தோறும் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். 1896-இல் டான் சே யான் மலாக்காவில் முதல் வணிகத் தோட்டத்தை இட்டார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் மேற்குக் கரை மாநிலங்களின் காடுகள் வரிசை வரிசையான மரங்களாயின. கங்காணிகள் தமிழகத்து ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். அம்முறை 1938-இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுற்றது. இவை பலரும் அறிந்த செய்திகள், விரிக்க வேண்டுவதில்லை.

விரிக்க வேண்டியது பால்வெட்டு என்னும் கைத்திறன். பொழுது புலருமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் தொழிலாளியின் கையில் இருப்பதும் ஓர் உளியே. மரத்தின் சுற்றளவில் பாதியைத் தழுவிச் சரிவாக இறங்கும் கோட்டில், ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டையைச் சீவ வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் சுரக்காது. சற்று ஆழ்ந்துவிட்டால், பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படலம் அறுந்து மரம் காயப்படும். காயம் பட்ட இடம் பின்னர்ப் புடைத்துக் கழலையாக வளரும். அதன்மேல் மீண்டும் ஒழுங்காகப் பால் வெட்ட இயலாது. ஆதலால், கட்டையைத் தொட்ட உளிக்குக் கங்காணியின் ஏச்சும், தோட்டத்திற்குத் தோட்டம் வேறுபட்ட தண்டனைகளும் காத்திருந்தன. ஒரு காலையில் நானூறு, ஐந்நூறு மரங்களில் இந்த மயிரிழை அளவு பிசகாமல் சீவியவர்களின் கை எத்தகைய கையாக இருந்திருக்க வேண்டும்! மரவேலைக் கலைஞன் ஒருவன் ஆண்டுக்கணக்கில் பயின்று பெறும் கட்டுப்பாடு, லயத்து வீடுகளில் ஆணும் பெண்ணும் ஒருங்கே பெற்றிருந்த ஒன்று. ஆயினும் அக்கைகளுக்கு இடப்பட்ட கட்டளை, கட்டையைத் தொடாதே என்பதாகவே இருந்தது.

தொடக்கூடாத அக்கட்டைக்குத்தான் மதிப்பு ஏதும் இருந்ததா என்றால், நெடுங்காலம் இல்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை வெட்டிச் சாய்த்து, புதுக் கன்று நடுவது தோட்ட வழக்கம். சாய்ந்த மரம் நிலத்திலேயே எரிக்கப்பட்டது, அல்லது இரப்பர்த் தகடுகளைப் புகையூட்டும் வீட்டிற்கு விறகாயிற்று, அல்லது கரியாயிற்று. பிறையில் அமைந்த மலாயாவாத்தா எஃகு ஆலை, 1960-களின் பிற்பகுதியில் தன் ஊதுலையை இரப்பர்க் கட்டைக் கரியைக் கொண்டே இயக்கியது. பலகையாக அறுக்க எவரும் முன்வராமைக்குத் தக்க காரணமும் உண்டு. இரப்பர்க் கட்டையில் சர்க்கரையும் மாப்பொருளும் மிகுதி. வெட்டிய சில நாட்களுக்குள் நீலப் பூஞ்சை படர்ந்து கறுத்துவிடும். தப்பினால், மாவு உதிர்க்கும் வண்டு உள்ளே புகுந்து துளைத்துவிடும். காட்டில் செங்கால் போன்ற உறுதியான மரம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது, இந்நோஞ்சான் மரத்தை நாடுவார் யார்?

இனிக் கருவியைக் காண்போம். வில்போல் வளைந்த இரும்புச் சட்டத்தின் இரு முனைகளுக்கிடையே, நூல் போன்ற அலகு ஒன்று விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஏறத்தாழ ஐந்து அங்குல நீளம். அகலமோ ஒரு மில்லிமீட்டர் இருந்தால் மிகுதி. ஆங்கிலத்தில் 'ஃபிரெட் சா' என்றும், இயந்திரமாக அமைந்தபோது 'ஸ்குரோல் சா' என்றும் வழங்கப்பெறும் இக்கருவி, இக்கட்டுரையில் நுண்வாள் என்று குறிக்கப்பெறுகிறது. பெருவாள் நேராகவே போகும். நுண்வாள் எழுத்தாணி போலத் திரும்பும். பலகையின் நடுவே சிறு துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் செலுத்தி, மறுபடி பூட்டி அறுத்தால், விளிம்பைச் சற்றும் தொடாமல் உள்ளே ஒரு மயிலையோ கொடியையோ வெட்டி எடுக்கலாம். மரம் இருக்கும் இடத்தைவிட மரம் நீங்கிய இடம் உருவம் பேசும் கலை இது.

கடிகார வில்லுக்குரிய எஃகைக் கொண்டு ஜெர்மனியில் பதினாறாம் நூற்றாண்டில் முதல் மெல்லிய அலகுகள் செய்யப்பட்டன என்பது மரவேலையாளரிடையே வழங்கும் மரபுச் செய்தி. இக்கருவியைப் பெரும் புகழுக்கு உயர்த்தியவர் பிரான்சு நாட்டின் ஆந்திரே ஷார்ல் பூல் (1642–1732). பதினான்காம் லூயி மன்னனுக்கு அறைகலன் செய்தளித்த இவர், ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே முறையில் அறுத்தார். ஓட்டில் வெட்டிய இடத்தில் பித்தளையும், பித்தளையில் வெட்டிய இடத்தில் ஓடும் இம்மியும் இடைவெளியின்றிப் பொருந்தின. ஒரே உழைப்பில் ஒன்றுக்கொன்று மறுதலையான இரண்டு சித்திரங்கள் கிடைத்தன. பல பலகைகளை விளிம்பில் சிற்றாணி அடித்துச் சேர்த்து ஒருங்கே அறுக்கும் வழக்கம் இன்றும் ஓய்வுநேர மரவேலையாளரிடையே பரவலாக உள்ளது. அடிப்படைச் சூழ்ச்சி பூலின் பட்டறையில் கண்டதே.

அரண்மனைக்குரியதாயிருந்த கருவி பள்ளிக்கு வந்தது 1760-களில். இலண்டனில் நிலப்படம் செதுக்கும் தொழில் செய்த ஜான் ஸ்பில்ஸ்பரி, நாட்டுப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடு வழியே அறுத்து, பிள்ளைகள் பொருத்திக் கற்குமாறு விற்றார். இன்று உலகெங்கும் விளையாடப்படும் வெட்டுப்படப் புதிருக்கு மூலம் அதுவே. விளையாட்டென்று பலரும் கருதும் இப்பொருள் பிறந்தபோது நிலநூல் ஆசிரியனின் கற்பித்தற் கருவியாக இருந்தது என்பதைத் தமிழாசிரியர்கள் மறவாதிருத்தல் நன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுண்வாள் எளியவர் வீட்டிற்குள் புகுந்தது. தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து இயக்கும் வாள்பொறிகள் அமெரிக்காவில் 1870-களில் பெருகின; இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரின் பார்ன்ஸ் உடன்பிறந்தார் நிறுவனம் அவற்றுள் பெயர்பெற்றது. இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியின் டெரெஹாம் என்னும் சிற்றூரிலிருந்து 1895-இல் 'ஹாபீஸ்' என்னும் வார இதழ் வெளிவரத் தொடங்கியது. விலை ஒரு பென்னி. இதழோடு சித்திரத்தாள் இலவசம். அத்தாளைப் பலகையில் ஒட்டி அறுத்தால் கடிகாரக் கூடோ, படச்சட்டமோ, சுவர்த்தட்டோ உருவாகும். பலகையும் அலகும் பொறியும் அந்நிறுவனமே விற்றது. எழுத்தரும் கடைப்பணியாளரும் பள்ளிப் பிள்ளைகளும் மாலைநேரத்தில் மரத்தூள் பறக்க உட்கார்ந்தனர். தாம் கண்ட நுட்பங்களை இதழுக்கு எழுதினர். பிறர் படித்துத் திருத்தினர். தொழில் அல்லாதவன் ஒரு தொழிலைக் கற்பதும், கற்றதை மறைக்காமல் பகிர்வதும் ஒரு பண்பாடாகவே வளர்ந்தன. அவ்விதழ் 1960-கள் வரை நின்று நிலவியது.

இடையில் 1932, 1933-ஆம் ஆண்டுகளின் பெரும் பொருளாதார மந்தத்தில், வேலையிழந்த அமெரிக்கத் தச்சர் பலர் வெட்டுப்படங்களை அறுத்து விற்றும் வாடகைக்கு விட்டும் வயிறு கழுவினர் என்பதும் வரலாறு. பொழுதுபோக்கு எனப் பெயர் பெற்ற ஒன்று பசித்த வேளையில் சோறாயிற்று. அதே ஆண்டுகளில் மலாயாவின் இரப்பர் விலை வீழ்ந்து, பல்லாயிரம் தோட்டத் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்கள் கையிலும் உளித்திறன் இருந்தது. பால்மரத்தை விட்டால் அதற்கு வேறு சந்தை இல்லை. பிற்காலச் செய்தியாக, ஜெர்மனியின் ஹெக்னர் நிறுவனம் 1970-களில் மேற்கையும் கீழ்க்கையும் இணையாக அசையும் மின்வாள்பொறியை அமைத்ததும், அலகுகள் அடிக்கடி முறியும் தொல்லை பெரிதும் குறைந்ததும் குறிப்பிடத்தக்கவை.

இந்திய மண்ணில் இக்கலையின் சிறந்த இருப்பிடம் மைசூர். கருங்காலி போலக் கறுத்த தோதகத்தி மரத்தில் வேறு நிற மரங்களையும், முற்காலத்தில் யானைத் தந்தத்தையும் பதிக்கும் வேலை அங்கே தலைமுறைகளாக நடைபெறுகிறது. 1897-இல் தீக்கிரையான பழைய அரண்மனையின் இடத்தில் ஹென்றி இர்வின் வரைபடப்படி 1912-இல் முடிக்கப்பட்ட புதிய அரண்மனையின் கதவுகளில் தந்தப் பதிப்பு வேலையின் உச்சத்தைக் காணலாம். சித்திரம் தீட்டிய தாளை மெல்லிய மரத்தகட்டில் ஒட்டி, நுண்வாளால் ஒவ்வோர் உறுப்பாக அறுத்தெடுப்பர். யானையின் உடல் ஒரு மரம், அம்பாரி வேறொரு மரம், வானம் மற்றொன்று. மரங்களின் இயல்பான நிறமே வண்ணம். பின்னர் அடிப்பலகையில் அதே உருவைக் குடைந்து, உறுப்புகளை உட்பதித்து இழைப்பர். தந்தத்தை யானையின் உயிராகக் கருதிய சட்டங்கள் வந்தன; 1986-இல் இந்தியத் தந்த வணிகமும், 1991-இல் ஆப்பிரிக்கத் தந்த வணிகமும் தடைசெய்யப்பட்டன. பட்டறைகள் வெளிறிய மரங்களுக்கும் நெகிழிக்கும் மாறின. கலை சாகவில்லை, பொருள் மாறியது.

தொலைவில் தேடாமல் நெகிரி செம்பிலானிலேயே நோக்கினால், மரத்தில் துளைவழி உருவம் பேசவைத்த மலாய்த் தச்சரின் மரபு கண்ணெதிரே நிற்கிறது. கோலா பிலாவை அடுத்த ஸ்ரீ மெனாந்தியின் பழைய அரண்மனை 1902-இல் தொடங்கி 1908-இல் முடிக்கப்பட்டது. கஹார், தாயிப் என்னும் இரு மலாய்த் தச்சரின் படைப்பு அது. 99 தூண்கள், நான்கு தளங்கள், முழுவதும் செங்கால் மரம், இரும்பாணி ஒன்றும் இல்லாமல் மரமுளைகளால் மட்டுமே பூட்டப்பட்டது. 1931 வரை அரச குடும்பம் வாழ்ந்த அம்மாளிகை 1992-இல் அருங்காட்சியகமாயிற்று. அதற்கு முற்பட்ட ஆம்பாங் திங்கி அரண்மனை 1860-களில் எழுந்தது. இருமுறை பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்று சிரம்பான் கலைப் பண்பாட்டு வளாகத்தில் நிற்கிறது. ஓர் அரண்மனையைப் பிரித்து வேறிடத்தில் பூட்ட முடிந்ததென்றால், அது தன் தச்சரின் இணைப்பு நுட்பத்திற்கு அளித்த சான்றிதழ் எனலாம்.

மலாய் வீட்டுச் சிற்பத்தில் 'தெபோக் தெம்புஸ்' எனப்படும் ஊடுதுளை வேலை, அழகிற்கு மட்டும் எழுந்ததன்று. வெப்பமும் ஈரமும் மிக்க இந்நாட்டில் சன்னலுக்கும் வாயிலுக்கும் மேலே உள்ள பலகையைத் துளைத்தால் வெங்காற்று வெளியேறும். மழைச் சாரல் உட்புகாது. வெயில் கொடியாகவும் பூவாகவும் தரையில் விழும். கூரை விளிம்பில் தொங்கும் துளைப்பலகைக்கு 'லெபா பெர்காந்தோங்', அதாவது தொங்கும் தேனீக்கூட்டம் என்று பெயர். பெயரே ஒரு கவிதை. கூரையோரத்து நீர் தாரையாக ஒழுகும்போது அதன் கீழ்முனைகள் நீரைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்துவிடும். துளைத்து, அறுத்து, பின்னர் உளியால் விளிம்பை உருட்டும் இவ்வேலையைத் தோட்டத்துத் தமிழர் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் கம்பத்து வீடுகளில் பார்த்தே வந்தனர். பார்த்தும், அது அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பது கடினமான வினா. தமிழருக்குத் தச்சுக்கலை புதிதன்று. தச்சன் செய்து தந்த சிறுதேரில் ஏறி ஊராமல், கையால் இழுத்தே மகிழும் சிறுவரைக் குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார் உவமையாக்கியுள்ளார். அரசியின் தந்தக் கட்டிலை நெடுநல்வாடை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. மரச்சிற்பங்களால் நிறைந்த கோயில் தேர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இவற்றையெல்லாம் செய்தவன் தச்சன், பிறர் பார்த்தவர். தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்ட நாட்டில், ஆசாரியின் வாளை ஆசாரி அல்லாதவன் எடுப்பது விளையாட்டாகக்கூட நிகழவில்லை. டெரெஹாமின் எழுத்தன் மாலையில் வாளெடுத்தபோது அவன் மதிப்புக் குறையவில்லை. தமிழ்க் கிராணி வாளெடுத்திருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? ஓய்வுநேரக் கைவினை தமிழரிடையே பரவாமைக்கு வறுமை ஒரு காரணமென்றால், இந்த மனத்தடை அதனினும் பெரிய காரணம் என்றே கருதவேண்டியுள்ளது. தோட்டங்களில் கட்டட வேலை பெரும்பாலும் சீனத் தச்சரிடம் ஒப்படைக்கப்பட்டது. லயத்தின் வாழ்வில் ஓய்வுநேரம் என்ற ஒன்றே அரிது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனினும் முற்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரப்பர் மரப்பெட்டிகளிலும் ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலும் அடைக்கப்பட்டு ஏற்றுமதியான காலம் உண்டு. பெட்டிப்பலகை, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய மெல்லிய தகடுகளால் ஆனது. எத்திசையில் அறுத்தாலும் எளிதில் பிளவாது. உலகெங்கும் நுண்வாள் வேலை எளியோர் கைக்கு வந்தது இவ்வொட்டுப்பலகையால்தான். தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் கட்டப்பட்ட காவடிகளின் வளைவுகளிலும், தோட்டக் கோயில் சப்பரங்களின் முகப்பிலும், நாடக மேடைக் கிரீடங்களிலும் பலகையில் வெட்டிய மயிலும் வேலும் தாமரையும் இடம்பெற்றன. செய்தவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. பிற்காலக் காவடிகளில் பலகையின் இடத்தை வெண்நுரைத்தகடு பிடித்தது. சூடான கம்பியால் அதனை வெண்ணெய்போல் அறுக்கலாம். எடை குறைவு, தோளுக்கு நல்லது. அழகு குறைந்ததா என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது.

நுண்வாள் தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு முறையாக வந்தது பள்ளிவழியே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓரினத்துப் பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அப்பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பட்டன; பட்டறை எங்கே இருந்தது? 1965-இல் இடைநிலைப் பள்ளிகளில் கொண்டுவரப்பட்ட ஒருங்கிணைந்த கல்வியில் தொழிற்கலை ஒரு பாடமாயிற்று. தொடக்கப் பள்ளிகளின் புதிய கலைத்திட்டம் 1983-இல் நாடெங்கும் தொடங்கியபின், மேல்வகுப்புகளில் கைத்திறன் பாடமும், பின்னர் வாழ்வியல் திறன் பாடமும் வந்தன. 'கெர்காஜி லெங்கோங் ஹாலுஸ்' என்று மலாயில் பெயர்பெற்ற மெல்லிய வளைவாள் தமிழ்ப்பள்ளி மாணவனின் கையில் முதன்முதலாக அமர்ந்தது அப்போதுதான். சாவி மாட்டும் பலகை, எழுதுகோல் தாங்கி, பறவை உருவம் ஆகியவை வீட்டிற்கு வந்தன. பால்வெட்டி வந்த தாய், மகன் அறுத்த ஒட்டுப்பலகைக் கிளியைச் சுவரில் மாட்டியிருப்பாள். தொடக்கப் பள்ளிகளில் 2014 முதலும் இடைநிலைப் பள்ளிகளில் 2017 முதலும் அப்பாடத்தின் இடத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் வந்தது. திட்டமிடலும் கணினியும் அதில் மிகுந்தன, மரத்தூள் குறைந்தது. கையால் அறுத்துக் கற்ற தலைமுறை முப்பது ஆண்டளவே நீடித்தது என்பது வருந்தத்தக்கது.

ஆசிரியர்கள் இன்னும் செய்து பார்க்கத்தக்க ஒன்று உண்டு. தமிழெழுத்துகளைப் பலகையில் அறுத்தெடுத்தல். உரோம எழுத்துகளுக்கு எழுந்த வழிகள் இங்கே முழுதும் செல்லா. 'ட' ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். 'க'வின் உள்வெளியை அறுக்கத் துளையிட்டு அலகைக் கோக்க வேண்டும். உள்வெளிகளை முதலில் முடித்து, வெளிவிளிம்பை இறுதியில் அறுப்பதே முறை. வெளிவிளிம்பை முன்னே அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளப் பலகை இராது. 'ண'வின் சுழிகளில் வாளைத் திருப்பக்கூடாது. வாளை ஒரே இடத்தில் மேலுங்கீழும் ஓடவிட்டுப் பலகையையே மெல்லத் திருப்ப வேண்டும். வாளை அழுத்துவது தொடக்கக்காரர் அனைவரும் செய்யும் பிழை. அழுத்தினால் அலகு வளையும், அறுப்பு சாயும், முடிவில் அலகு முறியும். பற்கள் கீழ்நோக்கி இருத்தல் இன்றியமையாதது. அலகில் சிறிது மெழுகோ சவர்க்காரமோ தடவினால் இழுப்பு இலகுவாகும்.

பெருந்தொல்லை புள்ளியில் இருக்கிறது. 'க்' என்னும் எழுத்தை அறுத்தால் புள்ளி தனியே உதிர்ந்துவிடும். 'கா'வின் காலும் தனித்தே நிற்கும். ஆய்தமோ மூன்று துண்டுகள். இவற்றைச் சேர்த்து நிறுத்த மெல்லிய பாலம் விட வேண்டும். அல்லது பின்பலகையில் ஒட்ட வேண்டும். ஓலையில் எழுதிய நம் முன்னோர்க்கும் புள்ளி தொல்லை தந்தது நினைவிற்கு வரும். எழுத்தாணிப் புள்ளி ஓலையைத் துளைத்துக் கிழிக்கும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியிடாமலே விட்டனர். படிப்பவரே மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிந்து கொண்டனர். கருவி எழுத்தை எவ்வாறு வளைக்கும் என்பதை இலக்கணப் பாடத்தில் அரை மணி சொல்வதைவிட, ஒரு 'க்'கை மாணவன் அறுக்கும்போது அவன் கையே சொல்லும்.

இனி மீண்டும் பால்மரக் கட்டைக்கு வருவோம். காட்டு மரங்களுக்குத் தட்டுப்பாடு தோன்றிய 1970, 1980-களில், அதுவரை எரிக்கப்பட்ட இரப்பர்க் கட்டை மீது பலர் கண் விழுந்தது. கெப்போங்கில் இயங்கிய வன ஆய்வுக்கழகம் உள்ளிட்ட இடங்களில் நடந்த ஆய்வுகள் வழி காட்டின. வெட்டிய சில நாட்களுக்குள் பலகையாக அறுத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்தி, பின்னர் சூளையில் உலர்த்தினால் பூஞ்சையும் வண்டும் அண்டுவதில்லை என்பது உறுதியாயிற்று. வெளிறிய பாலாடை நிறம், காலப்போக்கில் வைக்கோல் பழுப்பு, சீரான இழை, நல்ல இழைப்பு. நாற்காலிகளும் மேசைகளும் பொம்மைகளும் சப்பான், அமெரிக்கா, ஐரோப்பா எனப் பறந்தன. ஜொகூரின் மூவார் நகரம் அறைகலன் தொழிலின் நடுவிடமாயிற்று. மலேசியாவின் மர அறைகலன் ஏற்றுமதியில் பெரும்பகுதி இம்மரத்தால் ஆனதே. எளியோர் வீட்டு நுண்வாள் வேலைக்கும் இது ஏற்ற மரம். இழை நேராகவும் சீராகவும் இருப்பதால் மெல்லிய வளைவுகளும் எளிதில் உதிர்வதில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: வாளின் ஓட்டம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் விளிம்பு கருகும்.

மரம் மதிப்புற்ற வேளையில் அதனை வளர்த்தவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் நெருடல். அதே ஆண்டுகளில் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின; சில வீடமைப்புத் திட்டங்களாயின. சிரம்பானைச் சூழ்ந்த பழைய தோட்ட நிலங்களில் புதுநகரங்கள் எழுந்தன. லயங்கள் கலைந்தன. மறுநடவின்போது சாய்க்கப்பட்ட மரங்களுக்கு ஒப்பந்தக்காரர் விலை கொடுத்தனர்; அவ்விலை நிலத்துக்குரியவருக்குச் சென்றது. முப்பது ஆண்டு நாள்தவறாமல் அம்மரத்தின் பட்டையைக் காயமின்றிக் காத்த கைகளுக்கு அதில் பங்கில்லை. அறைகலன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த தமிழ் இளைஞரும் உண்டு. அவர்கள் அங்கே அறுத்தது தம் பாட்டனார் தொடக்கூடாதென்று விலக்கப்பட்ட கட்டையை.

இன்று நிலைமை மீண்டும் மாறியுள்ளது. இரப்பர்ப் பரப்புச் சுருங்கியதால் கட்டைக்கே தட்டுப்பாடு. உள்நாட்டு ஆலைகளுக்கு மரம் கிடைக்க வேண்டி, அறுத்த இரப்பர்ப் பலகையின் ஏற்றுமதி 2017 சூலை முதல் தடைசெய்யப்பட்டது. ஒரு காலத்தில் எரித்துத் தொலைத்த மரத்தை நாட்டைவிட்டுப் போகாமல் அரசு காக்க வேண்டியதாயிற்று. கோலா சாவா வட்டாரத்தில் இரப்பர் நிரைகள் இருந்த இடங்களில் செம்பனை நிற்பதைக் காணலாம். செம்பனை பனையினம், ஆண்டு வளையமோ உறுதியான கட்டையோ அதற்கு இல்லை. உள்ளே ஈரம் மிகுந்த நாரும் சோறும்தான். உலர்ந்தால் சுருங்கிக் கோணும். ஒட்டுப்பலகையாக்க முயற்சிகள் நடந்து வருகின்றன. அப்பலகையில் நுண்வாள் எவ்வாறு ஓடும் என்பதைக் காண இனிவரும் மாணவர்க்கு வாய்ப்புண்டு.